எக்ஸ்பொனென்ஷியல் குடும்பம்: அந்த வடிவத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கேள்வி கேட்டவர் எம்.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு மாணவர். பாய்சான், ஈருறுப்பு, இயல்நிலை என்று எந்தப் பரவலைக் கொடுத்தாலும் அதை எக்ஸ்பொனென்ஷியல் குடும்பத்தின் வடிவத்துக்கு மாற்றி எழுத அவருக்குத் தெரிகிறது. மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஆனால் எதற்காக மாற்றி எழுதுகிறோம், அந்த வடிவத்தில் வரும் ஏ(ஈட்டா) என்ற உறுப்பு எங்கிருந்து வந்தது, இவ்வளவு எளிமையான சீரான பரவல் ஏன் இதில் சேரவில்லை என்று கேட்கிறார். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். எத்தனையோ வடிவங்களில் ஒரு பரவலை எழுதலாம் என்னும்போது, இந்த ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துப் பெயர் வைத்துக் கொண்டாடுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

நான் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், அதோடு எண்ணிக்கைத் தரவுகளில் மாடல் பொருத்தும் வேலையும் செய்கிறேன். என் அனுபவத்தில் இந்தப் பாடம் புரியாமல் போவதற்குக் காரணம் அது தொடங்கும் இடம். பாடநூல்கள் சூத்திரத்தில் தொடங்குகின்றன. தரவில் தொடங்கினால் சூத்திரம் தானாக வந்து சேரும். முதலில் ஒரு சின்னக் குழப்பத்தை ஒதுக்கிவிடுகிறேன். காத்திருக்கும் நேரங்களுக்குப் பயன்படுத்தும் எக்ஸ்பொனென்ஷியல் பரவல் வேறு, இந்தக் குடும்பம் வேறு. அந்தப் பரவல் இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான்.

சரி, தரவுக்கு வருவோம். 1898-ல் போர்ட்கிவிச் என்ற புள்ளியியலாளர் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையைத் தொகுத்து வெளியிட்டார். அதிலிருந்து வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பகுதி 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 எண்கள். அவற்றில் 109 பூஜ்யம், 65 ஒன்று, 22 இரண்டு, 3 மூன்று, 1 நான்கு. மொத்த இறப்பு 122. இந்த 200 எண்களும் ஒரே பாய்சான் பரவலிலிருந்து ஒன்றையொன்று சாராமல் வந்தவை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரவலின் சராசரியான லாம்டாவை மதிப்பிட வேண்டும்.

ஒரு எண்ணுக்கான பாய்சான் நிகழ்தகவின் லாக் எடுத்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும்: எக்ஸ் × லாக் லாம்டா, கழித்தல் லாம்டா, கழித்தல் எக்ஸின் காரணீயப் பெருக்கத்தின் லாக். இப்போது 200 எண்களுக்கும் கூட்டுங்கள். 122 × லாக் லாம்டா − 200 × லாம்டா, அதோடு லாம்டா எட்டிப் பார்க்காத ஒரு மாறிலி. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த ஆண்டில், எந்தப் படைப்பிரிவில், எத்தனை பேர் என்ற விவரமெல்லாம் அந்த மாறிலிக்குள் போய்விட்டது. லாம்டாவோடு உறவுள்ளவை 122, 200 என்ற இரண்டே எண்கள். முழு அட்டவணை வைத்திருப்பவரும், "200 பதிவுகள், மொத்தம் 122" என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைத்திருப்பவரும் லாம்டாவைப் பற்றி ஒரே முடிவுக்குத்தான் வர முடியும். இதைத்தான் சஃபிஷியன்ட் ஸ்டாட்டிஸ்டிக், அதாவது போதுமான சுருக்கம், என்கிறோம். இந்தக் கருத்தை 1922-ல் ஃபிஷர் முன்வைத்தார்.

இது ஏன் நடந்தது? லாக் எடுத்த பிறகு தரவும் அளவுருவும் (லாம்டா போல, பரவலைத் தீர்மானிக்கும் தெரியாத எண்) ஒரே ஓர் இடத்தில்தான் சந்திக்கின்றன, அதுவும் பெருக்கலாக: எக்ஸ் என்ற தரவுப் பகுதி, லாக் லாம்டா என்ற அளவுருப் பகுதி. பெருக்கலாகச் சந்திப்பதால், பல பதிவுகளைக் கூட்டும்போது அளவுருப் பகுதியைப் பொதுவாக வெளியே எடுத்துவிடலாம். உள்ளே மிஞ்சுவது தரவின் கூட்டுத்தொகை. உங்கள் பாடநூலில் உள்ள ஹெச்(எக்ஸ்) × எக்ஸ்ப்[ஈட்டா × டி(எக்ஸ்) − ஏ(ஈட்டா)] என்ற வடிவம் சொல்வது இதை மட்டும்தான். டி(எக்ஸ்) தரவுப் பகுதி, ஈட்டா அளவுருப் பகுதி, இரண்டும் பெருக்கலில் மட்டும் கைகோக்கின்றன. ஹெச் முழுக்கத் தரவின் பக்கம், ஏ முழுக்க அளவுருவின் பக்கம். இயல்நிலைப் பரவலில் சராசரியும் (மியூ) வேரியன்ஸும் (சிதறலின் அளவு, சிக்மா வர்க்கம்) இரண்டுமே தெரியாது என்றால் இப்படி இரண்டு சந்திப்புகள் வரும். எக்ஸுக்கு மியூ / சிக்மா வர்க்கம், எக்ஸ் வர்க்கத்துக்கு −1 / (2 சிக்மா வர்க்கம்). அதனால்தான் எக்ஸ்களின் கூட்டுத்தொகை, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை என இரண்டு எண்கள் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கு மேல் தேவையில்லை.

இந்த வசதி எல்லாப் பரவலுக்கும் வாய்க்காது. கோஷி பரவலை எடுத்துப் பாருங்கள். அதன் மையம் தீட்டா என்றால், லாக் எடுத்ததும் லாக்(1 + (எக்ஸ் − தீட்டா)²) என்று வரும். இதில் எக்ஸையும் தீட்டாவையும் பிரிக்க முயன்று பாருங்கள், பிரியாது. 200 பதிவுகள் இருந்தால் 200-ஐயும் வரிசைப்படுத்தியாவது வைத்துக்கொள்ள வேண்டும். எதைத் தூக்கி எறிந்தாலும் தீட்டாவைப் பற்றிய தகவல் கொஞ்சம் போய்விடும். மையம் தெரியாத லாப்லாஸ் பரவலும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு கேள்வி இயல்பாக எழும். பெருக்கலாகப் பிரிந்தால் சுருக்கம் கிடைக்கும், சரி. பிரியாமலே சுருக்கம் கிடைக்கும் வேறு பரவல்கள் இருக்கக் கூடாதா? 1935, 1936 ஆண்டுகளில் பிரான்சில் டார்ம்வா, அமெரிக்காவில் கூப்மன், ஆஸ்திரேலியாவில் பிட்மன் ஆகிய மூவரும் தனித்தனியே இதற்கு விடை கண்டார்கள். பதிவுகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் போதுமான சுருக்கத்தின் அளவு கூடாமல் நிற்க வேண்டும் என்றால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தப் பரவல் எக்ஸ்பொனென்ஷியல் குடும்பமாக இருந்தே தீர வேண்டும். உங்கள் கேள்விக்கு என் நேரான பதில் இந்தத் தேற்றம்தான். கணக்குப் போட வசதியாக இருக்கிறது என்பதற்காக யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்த வடிவம் இல்லை இது. தரவைச் சுருக்க முடியுமா என்று கேட்டால், வேறு வழியில்லாமல் வந்து நிற்கும் வடிவம்.

நிபந்தனைகள் என்றேனே, அவற்றை விட்டுவிட்டால் தேற்றமே தவறாகிவிடும். முக்கியமானது இது: எந்தெந்த மதிப்புகள் நிகழக்கூடும் என்ற எல்லை அளவுருவைப் பொறுத்து மாறக் கூடாது. அடர்த்திச் சார்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பது போன்ற தொழில்நுட்பத் தேவைகளும் உண்டு, அவற்றின் முழு நிறுவலுக்குள் நான் இங்கே போகவில்லை. இப்போது சீரான பரவலைப் பாருங்கள். 0 முதல் தீட்டா வரை சீராகப் பரவியது, தீட்டா தெரியாது. இதற்கும் ஒரே எண் போதும், பதிவுகளில் மிகப் பெரியது. அப்படியென்றால் தேற்றம் பொய்யா? இல்லை. இங்கே எல்லையே தீட்டாவோடு நகர்கிறது, ஆகவே தேற்றம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. குடும்பத்துக்குள் ஏன் வரமுடியாது என்பதும் இதிலேயே இருக்கிறது. எக்ஸ்ப் என்ற சார்பு ஒருபோதும் பூஜ்யமாகாது. ஒரு மதிப்பு நிகழ முடியாது என்று சொல்லும் உரிமை ஹெச்(எக்ஸ்)-க்கு மட்டும்தான் உண்டு, அதில் அளவுரு கிடையாது. தீட்டா 5 ஆக இருக்கும்போது 7 நிகழாது, தீட்டா 8 ஆனதும் 7 நிகழும் என்றால், அதைச் சொல்ல இந்த வடிவத்தில் இடமே இல்லை. தேர்வில் சீரான பரவலைப் பற்றிக் கேட்டால் இந்தக் காரணத்தை எழுதுங்கள். "அந்த வடிவத்தில் எழுத முடியவில்லை" என்று மட்டும் எழுதினால், நீங்கள் சரியாக முயலவில்லை என்று திருத்துபவர் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

அடுத்து ஏ(ஈட்டா). இது வானத்திலிருந்து விழவில்லை. நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறப்பது. ஹெச்(எக்ஸ்) × எக்ஸ்ப்(ஈட்டா × டி(எக்ஸ்)) என்பதை எல்லா எக்ஸுக்கும் கூட்டினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகையால் வகுத்தால்தான் மொத்தம் 1 ஆகும். அந்தத் தொகையின் லாக்தான் ஏ(ஈட்டா). பாய்சானில் ஈட்டா என்பது லாக் லாம்டா, ஹெச் என்பது காரணீயப் பெருக்கத்தின் தலைகீழ். கூட்டினால் எக்ஸ்பொனென்ஷியல் தொடரே வந்து நிற்கும், ஆகவே ஏ(ஈட்டா) = எக்ஸ்ப்(ஈட்டா), அதாவது லாம்டா. ஹெச்சும் டியும் முடிவானதும் ஏ-யும் முடிவாகிவிடுகிறது. நாம் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமில்லை.

வகுக்கும் எண்ணாக வந்த இந்த ஏ-க்குள் பரவலின் பெரும்பாலான செய்திகள் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பு. ஏ-யை ஈட்டாவைக் கொண்டு ஒருமுறை வகையிடுங்கள். லாக்கின் வகைக்கெழு என்பதால் கீழே அந்தத் தொகை வரும், மேலே அதே தொகை ஒவ்வொரு உறுப்பிலும் டி(எக்ஸ்) பெருக்கப்பட்டு வரும். அது டி(எக்ஸ்)-இன் சராசரி. இரண்டாம் முறை வகையிட்டால் டி(எக்ஸ்)-இன் வேரியன்ஸ். ஆம் என்பதற்கு நிகழ்தகவு பி கொண்ட, ஆம்-இல்லை என்ற இரண்டே விடைகளுள்ள பெர்னோலி பரவலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏ(ஈட்டா) = லாக்(1 + எக்ஸ்ப்(ஈட்டா)). முதல் வகைக்கெழு பி, இரண்டாவது பி(1 − பி). தொகையீடு எதுவும் செய்யாமல் சராசரியும் வேரியன்ஸும் கைக்கு வந்துவிட்டன.

இதிலிருந்து இன்னொன்று கிளைக்கிறது, நடைமுறையில் எனக்கு அதுதான் அதிகம் உதவுவது. வேரியன்ஸ் எதிர்மறையாக முடியாது, ஆகவே ஏ-யின் வளைவு எப்போதும் கிண்ணம் போல மேல்நோக்கித்தான் இருக்கும். லைக்லிஹுட்டின் (கண்ட தரவின் நிகழ்தகவை அளவுருவின் சார்பாகப் பார்ப்பது) லாக்கில் ஏ கழித்தலில் வருவதால் அது கவிழ்த்த கிண்ணமாகிறது. உச்சி ஒன்று இருந்தால் அது உண்மையான உச்சிதான், கணினி பாதி வழியில் ஒரு பொய்யான மேட்டில் மாட்டிக்கொள்ளாது. அந்த உச்சியைக் கண்டுபிடிக்கும் சமன்பாடும் மிக எளிது: தரவில் கண்ட டி-யின் சராசரி = மாடல் சொல்லும் டி-யின் சராசரி. குதிரைத் தரவில் 122 / 200 = 0.61, லாம்டாவின் மதிப்பீடு அதுவே. பேயஸ் முறையில் போகிறவர்களுக்கும் இதே இரண்டு எண்கள் போதும். லாம்டாவுக்கு முன்பரவலாக (தரவைப் பார்க்கும் முன் இருக்கும் கணிப்பு) ஒரு காமா பரவலை வைத்தால், அதன் வடிவ அளவுருவோடு 122, வீத அளவுருவோடு 200 கூட்டினால் பின்பரவல் (தரவைப் பார்த்த பின் இருக்கும் கணிப்பு) தயார்.

"உச்சி ஒன்று இருந்தால்" என்றதைக் கவனித்திருப்பீர்கள். எப்போதும் இருக்கும் என்று உறுதி கிடையாது. 200 பதிவுகளும் பூஜ்யமாக இருந்தால் ஈட்டாவின் மதிப்பீடு எதிர்ப்பக்கம் முடிவிலியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்-இல்லை விடைகளை மற்ற மாறிகளைக் கொண்டு கணிக்கும் லாஜிஸ்டிக் ரெக்ரெஷனில் ஒரு மாறி ஆம், இல்லை இரண்டையும் பிசகில்லாமல் பிரித்துவிட்டால் இதே கதைதான். கெழுக்கள் தாறுமாறாகப் பெருகி, மென்பொருள் எச்சரிக்கை காட்டும். நிறைய பேர் மென்பொருளைக் குறை சொல்வார்கள். தரவில் உச்சியே இல்லாதபோது மென்பொருள் என்ன செய்யும்?

சி.ஆர். ராவ் கல்கத்தாவில் இருந்தபோது 1945-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. சராசரியாக உண்மை மதிப்பையே தரும் எந்த மதிப்பீட்டுக்கும் வேரியன்ஸ் ஓர் எல்லைக்குக் கீழே போகாது என்பது அதன் புகழ்பெற்ற முடிவுகளில் ஒன்று. வழக்கமான நிபந்தனைகளின் கீழ் அந்த எல்லையைச் சரியாகத் தொட முடிவது இந்தக் குடும்பத்தில், டி-யின் சராசரியை மதிப்பிடும்போதுதான். அதே சராசரியை ஒரு வளைவான சார்பில் போட்டு, உதாரணமாக லாம்டாவுக்குப் பதில் எக்ஸ்ப்(−லாம்டா)-வை மதிப்பிட்டால், எல்லையைத் தொட முடியாது. "எக்ஸ்பொனென்ஷியல் குடும்பம் என்றால் எல்லா மதிப்பீடும் உச்சத் திறன் கொண்டது" என்று சில வகுப்புக் குறிப்புகளில் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை.

நடைமுறையில் இந்தக் குடும்பத்தின் பெரிய பயன் 1972-ல் வந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நெல்டரும் வெட்டர்பர்னும் ஜெனரலைஸ்டு லீனியர் மாடல் என்பதை முன்வைத்தார்கள். அதற்கு முன் இயல்நிலை ரெக்ரெஷன் ஒரு பக்கம், ஆம்-இல்லை விடைகளுக்கான லாஜிஸ்டிக், ப்ராபிட் முறைகள் ஒரு பக்கம், எண்ணிக்கைத் தரவு முறைகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் விடை மாறி இந்தக் குடும்பத்துப் பரவலாக இருக்கிறது, ஆகவே ஒரே கணிப்பு முறையால் எல்லாவற்றையும் பொருத்தலாம் என்று அவர்கள் காட்டினார்கள். லாஜிஸ்டிக் ரெக்ரெஷனில் லாக்(பி / (1 − பி)) ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால், பெர்னோலியை இந்த வடிவத்தில் எழுதிப் பாருங்கள், ஈட்டாவின் இடத்தில் அதுவே வந்து நிற்கும். பாய்சான் ரெக்ரெஷனில் லாக் வருவதும் இப்படித்தான்.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஈட்டாவின் இடத்தில் லாக் வருகிறது என்பது கணித உண்மை. உங்கள் தரவில் விளைவுகள் லாக் அளவுகோலில்தான் நேர்கோட்டில் கூடுகின்றன என்பது அதிலிருந்து வராது. அது தரவைப் பற்றிய கூற்று, தரவைக் கொண்டுதான் சரிபார்க்க வேண்டும். 122, 200 என்ற சுருக்கமும் அப்படித்தான். பாய்சான் என்பது சரியாக இருந்தால் மட்டுமே அது போதுமானது. பாய்சானா என்று சோதிக்க, நாம் தூக்கி எறிந்த அட்டவணைதான் வேண்டும். 0.61-ஐ வைத்துக் கணக்கிட்டால் பூஜ்யம் சுமார் 108.7 முறை, ஒன்று 66.3, இரண்டு 20.2, மூன்று 4.1, நான்கு 0.6 என்று எதிர்பார்க்கலாம். கண்டது 109, 65, 22, 3, 1. நன்றாகவே பொருந்துகிறது. எல்லாத் தரவும் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்காது. நான் பார்த்த எண்ணிக்கைத் தரவுகளில், பயிரில் பூச்சி எண்ணினாலும் மருத்துவமனை வருகையை எண்ணினாலும், வேரியன்ஸ் சராசரியைவிடக் கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். பாய்சான் இரண்டையும் சமமாக இருக்கச் சொல்கிறது. ஆகவே சுருக்கிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூல அட்டவணையை அழித்துவிடாதீர்கள்.

வேரியன்ஸ் இப்படிச் சராசரியைவிடக் கூடும்போது எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்குப் போகிறோம். அது குடும்பத்தில் சேருமா என்று தேர்வுகளில் அடிக்கடி கேட்பார்கள். அதன் ஆர் என்ற அளவுரு தெரிந்த எண் என்றால் சேரும். ஆர் தெரியாது என்றால் சேராது, ஏனென்றால் எக்ஸும் ஆரும் ஒரே காமா சார்புக்குள் கூட்டலாகச் சிக்கிக்கொள்கின்றன. வைபுல் பரவலில் வடிவ அளவுருவும் இப்படியே, எக்ஸின் அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, "இந்தப் பரவல் சேருமா" என்று கேட்பதற்கு முன் எந்த அளவுரு தெரியாது என்று கேளுங்கள்.

இயற்பியல் பக்கமிருந்தும் இதே வடிவத்துக்கு ஒரு வழி உண்டு. சில அளவுகளின் சராசரி மட்டும் தெரியும், மற்றபடி ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, என்ட்ரோபி (நிச்சயமின்மையின் அளவு) அதிகபட்சமாக இருக்கும் பரவலைத் தேடினால் கிடைப்பது இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான். போல்ட்ஸ்மன் பரவல் அதற்கு எடுத்துக்காட்டு, அங்கே நம் ஏ(ஈட்டா) பார்ட்டிஷன் சார்பின் (மேலே வகுக்கப் பயன்பட்ட அதே தொகை) லாக்காக வருகிறது. 1957-ல் ஜேன்ஸ் இதைப் புள்ளியியல் அனுமானத்தின் பொதுக் கோட்பாடாகவே முன்வைத்தார். கணிதப் பகுதியில் சர்ச்சை இல்லை. சராசரி மட்டும் தெரிந்தால் அதிகபட்ச என்ட்ரோபியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அறிவுரையை எல்லோரும் ஏற்பதில்லை. அதை ஒரு பார்வையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. என் பழக்கமெல்லாம் தரவு மாடல்களில் என்பதால், இயற்பியல் ஆழத்துக்கு அந்தத் துறையினரைக் கேட்பதே நல்லது.

இனி நீங்கள் கையால் செய்து பார்க்க ஒரே ஒரு கணக்கு தருகிறேன், அது நீங்கள் எழுதிய பத்துக் கணக்குகளுக்குச் சமம். சராசரி தீட்டா, வேரியன்ஸ் தீட்டா வர்க்கம் என்ற இயல்நிலைப் பரவலை எடுங்கள், தீட்டா நேர்மறை. லாக் எடுத்தால் எக்ஸ் / தீட்டா ஒன்று, −எக்ஸ் வர்க்கம் / (2 தீட்டா வர்க்கம்) ஒன்று என இரண்டு சந்திப்புகள் வரும். தெரியாத அளவுரு ஒன்றுதான், ஆனால் சுருக்கத்துக்கு இரண்டு எண்கள் வேண்டும். இதை வளைந்த எக்ஸ்பொனென்ஷியல் குடும்பம் என்பார்கள். 1975-ல் எஃப்ரான் இந்த வளைவை அளவிடும் வழியையே ஆராய்ந்தார். கவிழ்த்த கிண்ணம் பற்றி மேலே நான் சொன்ன உறுதி, ஈட்டா ஒரு தடையும் இல்லாமல் தன் முழு வெளியில் நகரும்போது பொருந்துவது. இங்கே இரண்டு ஈட்டாக்களும் ஒரு வளைகோட்டில் மட்டுமே நகர முடியும் என்பதால் அந்த உறுதியை அப்படியே எடுத்துவர முடியாது. லைக்லிஹுட்டை எழுதி, வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமன்செய்து, தீட்டாவுக்கு வரும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துப் பாருங்கள். இரண்டு தீர்வுகளில் எதை எடுப்பது, ஏன் என்பதையும் எழுதுங்கள். எங்காவது நின்றுபோனால் அந்த வரியோடு திரும்பக் கேளுங்கள், அங்கிருந்து தொடரலாம்.